தெர்மாமீட்டர் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஃபவுண்டரி எனும் உலோக வார்ப்பாலை, பால் பண்ணை, மருந்துக் கிடங்கு என்று பல இடங்களிலிருந்தும் தெர்மாமீட்டர்கள் எங்கள் மேசைக்கு வரும். கொண்டு வருபவர்கள் கேட்பதையும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அக்கம்பக்கத்தார் கேட்பதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வேலை சார்ந்த கேள்விகள் பின்னால்.

தெர்மாமீட்டர் சூட்டை எப்படித்தான் கண்டுபிடிக்குது?

சூடு ஏறினால் ஏதாவது ஒன்று மாறும். திரவம் விரியும், கம்பியின் மின்தடை கூடும், இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்னழுத்தம் பிறக்கும், பொருளிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர் அதிகமாகும். இவற்றில் ஒன்றைப் பிடித்து அளந்து, அதை டிகிரியாக மாற்றிக் காட்டுவதுதான் தெர்மாமீட்டர்.

இதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தொட்டு அளக்கும் எந்தத் தெர்மாமீட்டரும் தன்னுடைய வெப்பநிலையைத்தான் சொல்லும். உங்கள் உடம்பின் சூட்டுக்கோ பாலின் சூட்டுக்கோ அது வந்து சேர்ந்த பிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. கீழே வரும் சந்தேகங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில் தீர்ந்துவிடும்.

கையால தொட்டுப் பார்த்தாலே தெரியுதே, அப்புறம் எதுக்குத் தெர்மாமீட்டர்?

காலையில் சமையலறையில் எவர்சில்வர் டம்ளரையும் மரப் பலகையையும் தொட்டுப் பாருங்கள். டம்ளர் சில்லென்று இருக்கும், பலகை அப்படி இருக்காது. ஆனால் இரவெல்லாம் ஒரே அறையில் கிடந்த இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். உலோகம் கையிலிருந்து சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது, மரம் மெதுவாக உறிஞ்சுகிறது. கை உணர்வது அந்த வேகத்தை. குழந்தையின் நெற்றியைத் தொட்டு "கொதிக்குது" என்று அம்மா சொல்வதில் பெரும்பாலும் உண்மை இருக்கும். ஆனால் 100ஆ 103ஆ என்று அந்தக் கையால் சொல்ல முடியாது. கை ஈரமாக இருந்தால் கணக்கே மாறிவிடும்.

முன்னாடி எல்லா வீட்லயும் பாதரசத் தெர்மாமீட்டர்தான். இப்ப கடையில ஏன் கிடைக்கல?

பாதரசம் நல்ல அளவுப் பொருள், அதில் சந்தேகமே இல்லை. கண்ணாடியில் ஒட்டாது, சூட்டுக்கு ஏற்பச் சீராக விரியும், மைனஸ் 38 டிகிரி வரை உறையாது, சுமார் 357 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஃபாரன்ஹீட் என்ற அறிவியலாளர் 1714இல் பாதரசத் தெர்மாமீட்டரைச் செய்ததிலிருந்து கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் அது கோலோச்சியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பாதரச ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆற்றில் சேர்ந்தால் மீனுக்குள் போய், மீன் வழியாக மனிதருக்கு வரும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்பட்டது, பாதரசத் தெர்மாமீட்டர் உற்பத்திக்கு அது 2020ஐக் கெடுவாக வைத்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. பாதரசத்தால் உடம்பு கெட்டதாகப் புகார் சொன்ன, அங்கே வேலை பார்த்தவர்களுக்கான உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. நம் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்த அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் இத்தனை பேரின் உடம்பு இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, எவ்வளவு துல்லியம் என்றாலும் பாதரசத்தை வீட்டில் வைக்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை.

பழசு ஒண்ணு கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு. உருண்டை உருண்டையா ஓடுது. என்ன பண்றது?

பதற்றம் வேண்டாம். காய்ச்சல் தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவு பாதரசம்தான். குழந்தைகளை வெளியே அனுப்புங்கள், ஏசி ஓடினால் நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்புறம் கையில் இருக்கும் மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். பாதரசம் தங்கத்தில் பட்டால் ஊறிப் பிடித்துக்கொள்ளும், நகை வெளுத்துப் போகும்.

விளக்குமாறு வேண்டவே வேண்டாம். பெருக்கினால் பெரிய உருண்டை நூறு பொடி உருண்டையாகச் சிதறி இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். வேக்குவம் கிளீனர் அதைவிட மோசம், ஆவியை அறை முழுக்க ஊதிவிடும். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு, இரண்டு கெட்டி அட்டையால் உருண்டைகளை மெதுவாகத் தள்ளி ஒன்று சேருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி மூடியுள்ள பாட்டிலில் விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் மிச்சப் பொடிகள் மினுங்கும். அவற்றைச் செல்லோ டேப்பால் ஒற்றி எடுக்கலாம். சிங்க்கில் ஊற்றாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லி உள்ளாட்சியின் சேகரிப்பில் கொடுங்கள்.

குழந்தை வாயில் வைத்துக் கடித்துவிட்டால் உடனே கவனிக்க வேண்டியது கண்ணாடித் துண்டுகள். விழுங்கிய திரவப் பாதரசம் பெரும்பாலும் குடலில் சேராமல் வெளியேறிவிடும். ஆனாலும் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கண்ணாடித் தெர்மாமீட்டரை உதறச் சொல்றாங்களே, அது ஏன்? சுவர்ல மாட்டுறதை யாரும் உதறுறதில்லையே?

காய்ச்சல் தெர்மாமீட்டரின் குமிழுக்கு மேலே குழாய் ஒரு இடத்தில் இறுகியிருக்கும். சூட்டில் விரியும் பாதரசம் அதைத் தாண்டி மேலே போகும், ஆனால் சுருங்கும்போது அந்த இடத்தில் அறுந்து மேலேயே நின்றுவிடும். வாயிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாவகாசமாகப் படிக்க முடிவது இதனால்தான். அடுத்த முறைக்கு அதைக் கீழே இறக்கத்தான் உதறுகிறோம். சுவர்த் தெர்மாமீட்டர் இப்போதைய சூட்டைக் காட்டினால் போதும் என்பதால் அதில் அந்த இறுக்கம் கிடையாது.

பாதரசத்துக்குப் பதிலாகக் காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த உலோகத்தை நிரப்பிய கண்ணாடித் தெர்மாமீட்டர்களும் உண்டு. அதை உதறக் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும்.

வெந்நீர்ல போட்டுக் கழுவலாமா?

கூடாது. காய்ச்சல் தெர்மாமீட்டரின் அளவு 42 டிகிரி செல்சியஸோடு முடிந்துவிடும். அதற்கு மேல் விரிய உள்ளே இடமில்லை, கொதிநீரில் போட்டால் உடைந்துவிடும். டிஜிட்டலும் கெட்டுப்போகும். சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போதும், அல்லது ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள்.

டிஜிட்டல்ல பாதரசமே இல்லையே, முனையில என்ன இருக்கு? பீப் சத்தம் வந்ததும் எடுத்துடலாமா?

முனையில் இருக்கும் உலோகத் தொப்பிக்குள் மிளகைவிடச் சிறிய தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏற ஏற இதன் மின்தடை சட்டென்று குறையும். உள்ளே இருக்கும் சிப் அந்த மாற்றத்தைப் படித்து எண்ணாக்குகிறது.

ஏற்றம் மெதுவாகிவிட்டது என்று சிப் முடிவு செய்தால் பீப் வரும். முழுவதும் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. நாக்கின் அடியில் வைத்தால் இந்த வித்தியாசம் சொற்பம். அக்குளில் தோல் சூடாக நேரம் எடுக்கும், அதனால் பீப் கேட்ட பிறகும் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். எண் இன்னும் ஏறுவதைப் பார்ப்பீர்கள். முதல் பதிலில் சொன்ன "வந்து சேர்வது" இதுதான்.

ரெண்டு தெர்மாமீட்டர் வெச்சா ரெண்டும் வேற வேற காட்டுது. எதை நம்புறது?

முதலில் இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரம் வைத்தீர்களா என்று பாருங்கள். அக்குள் அளவு வாய் அளவைவிடப் பொதுவாக அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும். காபி குடித்த வாயும் ஐஸ் வாட்டர் குடித்த வாயும் அரை மணி நேரம் பொய் சொல்லும். நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டருக்கே 0.2 டிகிரி ஃபாரன்ஹீட் முன்பின் அனுமதி உண்டு. ஒன்று 100.2, இன்னொன்று 100.5 என்றால் இரண்டும் சரியாகவே வேலை செய்கின்றன.

ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஒரே கருவியை, ஒரே இடத்தில் வைத்து, நேரத்தோடு குறித்து வாருங்கள். மருத்துவரிடம் சொல்லும்போது "அக்குள்ல 101" என்று இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு எப்பவும் 97தான் காட்டுது. 98.6தானே நார்மல்?

98.6 என்பது ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட சராசரி. 37 டிகிரி செல்சியஸ் என்ற முழு எண்ணை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதில்தான் அந்த ".6" வந்தது. அண்மைக்கால ஆய்வுகளில் சராசரி 98க்குச் சற்றுக் கீழேயே வருகிறது. விடியற்காலையில் உடம்பு குளிர்ந்தும் மாலையில் சூடாகவும் இருக்கும். ஆகவே 97 கோளாறு இல்லை. 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த அளவு வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

செல்சியஸை ஃபாரன்ஹீட்டா மனசுலயே மாத்த வழி இருக்கா?

இரட்டிப்பாக்குங்கள், அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32ஐக் கூட்டுங்கள். 38க்கு 76, அதில் 7.6 போக 68.4, 32 சேர்த்தால் 100.4. இது தோராயம் கிடையாது, துல்லியமான விடையே வரும்.

நெத்தியில காட்டுற துப்பாக்கித் தெர்மாமீட்டர்ல இருந்து கதிர் வருதாமே, குழந்தைக்கு ஆகாதா?

அதிலிருந்து எந்தக் கதிரும் உங்கள் தலைக்குள் போவதில்லை. உங்கள் தோலிலிருந்து எப்போதும் கிளம்பிக்கொண்டிருக்கும் அகச்சிவப்புக் கதிரை அது வாங்கிப் படிக்கிறது, கேமரா வெளிச்சத்தை வாங்குவது போல. தொழிற்சாலை வகையில் வரும் சிவப்புப் புள்ளி குறி பார்ப்பதற்கான லேசர். அதைக் கண்ணில் அடிக்கக் கூடாது.

இதன் குறை வேறு. அது அளப்பது நெற்றித் தோலின் சூட்டை மட்டும். வெயிலில் நடந்து வந்தவருக்கு ஏற்றிக் காட்டும், வியர்வையோ ஈரமோ இருந்தால் இறக்கிக் காட்டும். வரிசையில் நிற்பவர்களைச் சட்டென்று பார்க்க உதவும், மருந்து கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வாயிலோ அக்குளிலோ அளந்துவிடுங்கள்.

அந்தத் துப்பாக்கியைக் கொதிக்கிற பாத்திரத்துல காட்டினா 45ன்னு வருது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. பளபளப்பான எவர்சில்வர் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. தோலோ கரிய பரப்போ நூற்றில் 95 பங்கு விட்டால், மெருகேற்றிய உலோகம் பத்து, பதினைந்து பங்குதான் விடும். மிச்சத்துக்கு எதிரே இருக்கும் சுவரையும் உங்களையும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். கருவி பார்ப்பது பெரும்பாலும் சமையலறையின் சூட்டைத்தான்.

நம்ப முடியாவிட்டால் பாத்திரத்தின் பக்கவாட்டில், தீ படாத இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். தண்ணீர் கொதிக்கும்போது முதலில் பளபளப்பான இடத்திலும், உடனே டேப்பிலும் காட்டிப் பாருங்கள். இரண்டு விரல் இடைவெளியில் 45 என்றது 90ஐத் தாண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். எண்ணெய் பழகிய இரும்புத் தோசைக்கல் கறுப்பாக இருப்பதால் அதில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. இன்னொன்று, தூரம் கூடினால் கருவி பார்க்கும் வட்டமும் பெரிதாகும். 12:1 என்று போட்டிருந்தால் 12 அடி தூரத்தில் ஒரு அடி வட்டத்தின் சராசரியைத்தான் காட்டும்.

டிவியில 39ன்னு சொல்றாங்க, எங்க மொட்டை மாடியில 50 காட்டுது. குறைச்சுச் சொல்றாங்களா?

இல்லை. உங்கள் தெர்மாமீட்டர் வெயிலை நேராக வாங்கித் தானே சூடாகித் தன் சூட்டைச் சொல்கிறது. வானிலை நிலையத்தில் அளப்பது காற்றின் வெப்பநிலை. அதற்காகத் தெர்மாமீட்டரை ஸ்டீவன்சன் பெட்டி என்ற வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில் வைப்பார்கள். பக்கங்களில் சாய்வுச் சட்டங்கள் இருப்பதால் காற்று புகும், வெயில் புகாது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் தொடங்கிய அதே வளாகத்தில்தான் இன்றும் சென்னை வானிலை மையம் இருக்கிறது. உலகெங்கும் ஒரே முறையில் அளந்தால்தான் சென்னையை வேலூரோடும், இந்த ஆண்டைப் போன ஆண்டோடும் ஒப்பிட முடியும். மாடியில் வேலை செய்பவர் படும் சூடு 39ஐ விட அதிகம் என்பதும் உண்மைதான், அந்த எண் அதை அளக்கவில்லை.

ஃபிரிட்ஜ்ல இன்சுலின் வெச்சிருக்கேன். உள்ள எத்தனை டிகிரின்னு எப்படிப் பார்க்குறது?

இன்சுலினுக்கும் பெரும்பாலான தடுப்பூசிகளுக்கும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். தெர்மாமீட்டரைச் சும்மா தட்டில் வைத்தால் கதவைத் திறந்ததுமே எண் எகிறும், ஆனால் மருந்து அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. ஒரு சிறு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் முனையை வைத்து, மருந்துக்குப் பக்கத்திலேயே விடுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவை நினைவில் வைக்கும் டிஜிட்டல் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரவில் உறைநிலைக்குப் போய் வந்ததா என்று காலையில் தெரியும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

உருகின இரும்புக்குள்ள எந்தத் தெர்மாமீட்டரை விடுவீங்க? அதுவே உருகிடாதா?

முனை கெட்டுப்போகும், அதனால்தான் ஒரு முனையை ஒரே ஒரு முறை பயன்படுத்துகிறோம். வேலை செய்வது தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்து, அந்த நுனிக்கும் மறுமுனைக்கும் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் உண்டாகும். சீபெக் என்ற இயற்பியலாளர் 1821இல் கண்டது. பட்டறையில் அதிகம் புழங்கும் கே-டைப் என்ற தெர்மோகப்பிள் வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட்.

கே-டைப் 1,260 டிகிரிக்கு மேல் தாங்காது. ஃபவுண்டரியில் உருகிய இரும்பு 1,400ஐத் தாண்டி நிற்கும். அங்கே பிளாட்டினம், ரோடியம் கம்பி. நீண்ட கம்பின் நுனியில் கெட்டிக் காகிதக் குழாய், அதன் முனையில் விரல் நகம் அளவு குவார்ட்ஸ் வளைவு, அதற்குள் தலைமுடி போன்ற கம்பி. உலையின் வாயில் நின்று குழாயை உள்ளே அமுக்கினால் காகிதம் புகைந்து பொறி பறக்கும். நாலைந்து வினாடியில் திரையில் எண் ஏறி அசையாமல் நிற்கும், உடனே வெளியே இழுத்துவிட வேண்டும். கம்பி மெல்லியதாக இருப்பதால்தான் முனை கெடும் முன்பே அது இரும்பின் சூட்டுக்கு வந்து சேர்கிறது.

தெர்மோகப்பிள் கேபிள் பத்தல. சாதாரண காப்பர் ஒயர் போட்டு நீட்டிக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன மறுமுனை இனி காப்பர் சேரும் இடத்துக்கு வந்துவிடும். உலைச் சூட்டைப் படித்துக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரோ, மறுமுனை தன் இடத்துச் சூட்டில் இருப்பதாகவே கணக்குப் போடும். அந்த இணைப்பு உலைப் பக்கத்தில் 60 டிகிரியிலும் கன்ட்ரோலர் 30 டிகிரியிலும் இருந்தால், கன்ட்ரோலர் சுமார் 30 டிகிரி குறைவாகவே காட்டும். அதை நம்பி உலையை இன்னும் ஏற்றுவீர்கள். அந்தந்த வகைக்கு உரிய கேபிளையே போடுங்கள். நிறத்தையும் பாருங்கள். அமெரிக்க முறையில் சிவப்பு ஒயர்தான் நெகட்டிவ். கரண்ட் வேலை பழகியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

பிடி-100ல மூணு ஒயர் வருதே, ரெண்டு போதாதா?

பிடி-100 என்பது பிளாட்டினம் கம்பியின் தடையைப் படிக்கும் சென்சார். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதாவது டிகிரிக்கு 0.385 ஓம்தான். போகவர உள்ள ஒயரின் தடை ஒரு ஓம் என்றால் இரண்டரை டிகிரி கூடுதலாகக் காட்டிவிடும். ஒயரின் தடையைத் தனியே தெரிந்து கழிக்கவே மூன்றாவது ஒயர்.

வீட்லயே தெர்மாமீட்டரைச் சரிபார்க்க முடியுமா?

சமையல் தெர்மாமீட்டர் என்றால் முடியும். ஐஸைப் பொடித்து டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். கலக்கி, முனை அடியைத் தொடாமல் நடுவில் பிடித்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். 0 வர வேண்டும். கொதிநீரில் பார்ப்பதானால் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். சென்னையில் 100 என்றால் கோவையில் 98.5ஐ ஒட்டி, ஊட்டியில் 93க்கும் கீழே.

காய்ச்சல் தெர்மாமீட்டருக்கு இந்த வழி உதவாது. ஐஸில் அது "குறைவு" என்று மட்டும் காட்டும், கொதிநீர் கூடாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில், நம்பிக்கையான இன்னொன்றோடு சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள்.

நீங்க எங்க தெர்மாமீட்டரைச் சரிபார்க்குறீங்க. உங்க தெர்மாமீட்டரை யார் சரிபார்க்குறது?

எங்களுடையது எங்களைவிடத் துல்லியமான ஆய்வகத்துக்குப் போய் வரும். அப்படி ஏறிக்கொண்டே போனால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் முடியும். அங்கே ஒப்பிடுவதற்கு மேலே இன்னொரு தெர்மாமீட்டர் கிடையாது, இயற்கையைத்தான் ஒப்பிடுவார்கள். காலியம் 29.7646 டிகிரியில் உருகும். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் சேர்ந்து சமநிலையில் நிற்பது 0.01 டிகிரியில் மட்டும். 2019 முதல் வெப்பநிலையின் அடிப்படை அலகான கெல்வினையே போல்ட்ஸ்மன் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணை வைத்து வரையறுத்திருக்கிறார்கள், ஆனாலும் ஆய்வக வேலைக்கு இந்த நிலைப்புள்ளிகள்தான்.

அந்த மூன்றும் சேரும் புள்ளிக்கான கருவி, காற்றை வெளியேற்றி மிகத் தூய தண்ணீரை அடைத்த ஒரு கண்ணாடிக் கலம். நடுவில் உள்ள குழியைக் குளிர்வித்தால் அதைச் சுற்றிச் சட்டை போட்டது போலப் பனி படரும். பனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உருகி, கலத்தைத் திருப்பும்போது பனிச்சட்டை தனியே சுழலத் தொடங்கிவிட்டால் கலம் தயார். பிளாட்டினத் தெர்மாமீட்டரை அதன் பிறகுதான் உள்ளே இறக்குவார்கள்.